கோயில் வாசலில் சப்பாத்துகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறைக்கு, நானும் கணவரும் ஹம்பேர்க்கிலிருந்து சுற்றுலா பஸ்ஸில் இத்தாலிக்குப் போனோம். பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். மற்றவர்கள் ஓய்வுபெற்ற ஜேர்மன்காரர்கள்.

சியேனா நகரத்துப் பேராலயப் படிகள் வெயிலில் கொதித்தன. ஹம்பேர்க் குளிரில் எல்லோரையும் போல நானும் சப்பாத்தோடுதான் பூசைக்குப் போவேன். அன்றைக்கு அந்த வெயிலில் கோயில் வாசலைக் கண்டதும், எங்கள் ஊர் மன்னாரில் செய்வதுபோலக் குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

"இதென்ன விசர் வேலை? சனம் பாக்குது, திருப்பிப் போடும்," என்றார் கணவர்.

"கழட்டினது கழட்டினதுதான். நீங்கள் வாங்கோ."

வாயால் சொன்னேனே தவிர, எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட தூண்களை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. யாராவது என் காலைப் பார்க்கிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால், என் சப்பாத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஆறேழு சோடிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் எங்கள் பஸ்காரர்களுடையவை. பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த ஜேர்மன் பெண்மணி காலுறையோடு வந்து நின்று, "இங்கே இதுதானே முறை?" என்று என்னிடம் கேட்டார்.

ஜேர்மனிக்கு வந்த நாளிலிருந்து எதற்கு எது முறை என்று நான்தான் மற்றவர்களைக் கேட்டுக்கேட்டு நடந்தேன். என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஓமென்று தலையாட்டினேன்.

அந்தப் பொய்யை மட்டும் இன்றுவரை நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதில்லை.