அவள் சொல்லாத மார்க்கு

எனக்குச் சந்தேக புத்தி. மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது தேவலை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். மலைக் கிராமத்துக்காரர்கள் காப்பிக்கொட்டையும் மிளகும் விற்க அங்கேதான் வருவார்கள். மூட்டையின் வாயைப் பிரித்ததும் அப்பா மேலே இருப்பதைப் பார்க்கவே மாட்டார். முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பார். "மேல இருக்கறது நமக்குக் காட்டறதுக்கு வெச்சது கண்ணு. அடியில இருக்கறதுதான் சரக்கு" என்பார். விவரம் தெரிந்த நாளிலிருந்து நானும் அப்படிக் கை விட்டிருக்கிறேன். பத்து மூட்டையில் ஒன்பது நல்ல மூட்டையாகத்தான் இருக்கும். அந்த ஒன்பதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் சேலத்தில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். என்னோடு அதே வகுப்பில், தலைச்சோலை என்ற மலைக் கிராமத்துக்காரி ஒருத்தி படித்தாள். அவள் அப்பா மலை விவசாயி. கொஞ்சம் ராகி, கொஞ்சம் சாமை, வேலியோரம் காப்பிச் செடி. விடிவதற்குள் அவள் ஏற்காடு வந்து சேர்ந்துவிடுவாள். முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்குவோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டும். அவள் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொள்வாள். மூன்று வருஷம் பிடித்திருக்கிறாள்.

கல்லூரிப் பரீட்சைகளில் எப்போதும் எனக்குத்தான் கூடுதல் மார்க்கு. நான் ஒவ்வொரு வரியாக அழகாக எழுதுவேன். அவள் நடுவில் நாலு படியைத் தாண்டி விடையைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். விடை சரியாக இருக்கும். படி இல்லை என்று மார்க்கைக் குறைத்துவிடுவார்கள். அதனால் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மார்க்குப் பட்டியலும் அதைத்தானே சொன்னது.

மூன்றாம் வருஷம் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. படிப்புக்கு நுழைவுத் தேர்வு. இடங்கள் முப்பது. கம்ப்யூட்டரை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் இரண்டு பேரும் விண்ணப்பப் பாரம் வாங்கினோம். என் இங்கிலீஷ் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அவளுடையதையும் என்னிடம் கொடுத்து நிரப்பச் சொன்னாள். சாதிப் பிரிவு என்ற கட்டம் வந்தபோது, "அதை விட்டுரு புள்ள. மார்க்குல வந்தா வரட்டும்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? கெடைக்கறதை யாராச்சும் விடுவாங்களா?" என்று சொல்லிப் பழங்குடி என்ற இடத்தில் நானே குறி போட்டு, சான்றிதழ் நகலையும் வைத்துக் குண்டூசி குத்தினேன். அன்றைக்கு எனக்கு நல்ல மனசுதான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே அநியாயம் செய்தது போலாகிவிடும்.

மே மாதம் தேர்வு. நான்கு விடைகளில் ஒன்றை மட்டும் குறித்தால் போதும். படி எழுத இடமே இல்லை. எனக்கு அதுவே கையொடிந்த மாதிரி இருந்தது.

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. எனக்கு அறுபத்தொன்று. பொதுப் பட்டியல் அறுபத்திரண்டோடு முடிந்துவிட்டது என்றும், காத்திருப்போர் வரிசையில் நான் முதல் ஆள் என்றும் கடிதம் சொன்னது. ஒரே ஒரு மார்க்கு. கடைக்குள் உட்கார்ந்து, சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்க்க அழுதேன்.

அன்று மத்தியானமே அவள் வந்தாள். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டதாம்.

"எத்தனை மார்க்கு?" என்று கேட்டேன்.

"ஏதோ வந்துருக்குது."

"ஏதோன்னா?"

"வேண்டிய அளவுக்கு வந்துருக்குது. விடு."

மறுநாள் கேட்டேன். அதற்கு அடுத்த வாரமும் கேட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கடிதத்தையும் காட்டவில்லை. மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? அறுபத்திரண்டோ எழுபதோ வாங்கியிருந்தால் சொல்லிக்கொள்ள என்ன தடை? அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "சலுகைல போயிருக்கும் சாமி. நாப்பதோ நாப்பத்தஞ்சோ இருக்கும். அதான் சொல்ல மாட்டேங்குது" என்றார். எனக்கும் அப்படியே பட்டது. சலுகைக்கான கட்டத்தில் குறி போட்டதே நான்தானே. என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டேன் என்று நினைத்தபோது வயிறு பற்றி எரிந்தது. சட்டம் கொடுத்த இடத்தை அவள் வாங்கிக்கொண்டால் அதில் உனக்கென்ன கொள்ளை என்று கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை.

எங்கள் ஊருக்கு மொட்டைக் கடுதாசி புதிதல்ல. பக்கத்துக் கடைக்காரர் மிளகில் பப்பாளி விதை கலக்கிறார் என்று போகும், லாட்ஜுக்காரர் லைசென்ஸ் இல்லாமல் மாடி கட்டுகிறார் என்று போகும். அதற்கென்று முறை உண்டு. இடது கையால் எழுத வேண்டும். உள்ளூர்த் தபால் பெட்டியில் போடக்கூடாது. கடைசியில் 'இப்படிக்கு, உண்மை விளம்பி' என்று முடிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெரியவர்கள் கடையில் நின்று பேசுவதைக் கேட்டே தெரிந்துகொண்டிருந்தேன்.

எழுதுவதற்கு விஷயமும் என்னிடம் இருந்தது. ஒருநாள் பஸ்ஸில் அவளே சொன்னது. "ஒண்ணாவது நான் குப்பனூர்லதான் படிச்சேன், எங்கம்மா பொறந்த ஊட்டுல இருந்துட்டு. அப்பறந்தான் மேல வந்தேன். வெளிய சொல்லாத. ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்கன்னு எங்கப்பா சொல்லிருக்காரு" என்றாள். குப்பனூர் மலையடிவாரத்து ஊர். எத்தனையோ மலைக்காரர்கள் அங்கே பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. நான் அதை எடுத்து, 'மேற்படியார் மலைவாசியே அல்ல, குப்பனூரில் பள்ளியில் சேர்ந்த சமவெளிக் குடும்பம், சான்றிதழ் போலி' என்று இடது கையால் எழுதினேன். ஒரு நகல் பல்கலைக்கழகத்துக்கு, ஒரு நகல் சேலம் கலெக்டர் ஆபீசுக்கு. அடிவாரத்தில் இறங்கிப் போடலாம் என்று பார்த்தேன். கண்டக்டர் தெரிந்தவர், எதற்கு இறங்குகிறாய் என்று கேட்பார். அதனால் சேலம் வரைக்கும் போய்ப் பெரிய தபால் ஆபீசில் போட்டுவிட்டு, வந்த கையோடு ரவிக்கைத் துணி ஒன்றும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

பத்து நாள் கழித்து அவள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பழுப்பு உறை. "யாரோ மனுப் போட்டிருக்காங்க. பதில் எழுதித் தரச் சொல்லி நோட்டீசு வந்துருக்குது. நீயே எழுதிக் குடு, உன்ற கையெழுத்துதான் நல்லா இருக்கும்" என்றாள்.

நோட்டீசோடு மனுவின் நகலையும் இணைத்திருந்தார்கள். என் இடது கை எழுத்தை நானே விரித்துப் படித்தேன். அவள் எதிரில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். "யாரா இருக்கும்னு நெனைக்கற?" என்று கேட்டேன். கேட்க எனக்கு எப்படி நா வந்ததோ.

"தெரியல. நீ எழுது" என்றாள்.

எழுதினேன். அவள் குடும்பம் எத்தனை தலைமுறையாக மலையில் இருக்கிறது, எந்தச் சர்வே நம்பரில் நிலம் இருக்கிறது, குப்பனூரில் ஏன் ஒரு வருஷம் படித்தாள் என்று அவள் சொல்லச் சொல்ல மூன்று பக்கம். மனுவில் எங்கே ஓட்டை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அத்தனையையும் நானே அடைத்துக் கொடுத்தேன். நன்றாகவே எழுதினேன். இதோடு நேராகிவிடும், நானும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

முடித்ததும், "வேற ஏதாச்சும் சேக்கணுமா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"நல்லா யோசிச்சுப் பாரு."

"இல்லைங்கறேன்ல?" என்று எரிந்து விழுந்தேன். அவள் தாள்களை மடித்து உறையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் ஆபீஸ் வேகத்தில்தான் நடந்தது. ஓர் அதிகாரி தலைச்சோலைக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். இன்னொருவர் குப்பனூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்தார். வந்த அதிகாரி அவள் அப்பாவிடம், "தப்பு ஒண்ணும் இல்லீங்க. ஆனா மனுன்னு வந்துட்டா ஃபைலு மேல போயித்தான் கீழ வரணும்" என்றாராம். அறிக்கை வராமல் சேர்க்க முடியாது என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. சேர வேண்டிய கடைசித் தேதி வந்தது, போனது. ஃபைல் வரவில்லை.

அடுத்த வாரம் எனக்குத் தந்தி மாதிரி ஒரு கடிதம். காத்திருப்போர் வரிசையில் முதல் ஆளான எனக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறது, ஏழு நாளில் வந்து சேர வேண்டும். அம்மா கேசரி கிளறினாள். எனக்கும் சந்தோஷம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

சென்னைக்கு அப்பாவும் நானும் போனோம். சேர்க்கைப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு சந்தேகம். சலுகை இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, நாளைக்கு அவள் ஃபைல் வந்ததும் பிடுங்கிக்கொண்டால்? "சார், எனக்கு வந்திருக்கறது ரிசர்வேஷன் சீட்டா? திருப்பி எடுத்துருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அந்த சீட்டு உனக்கு எப்படிம்மா வரும்? அதுக்குத் தனி லிஸ்ட் இருக்கு, அந்த லிஸ்ட்ல அடுத்து யாரோ அவங்களுக்குத்தான் போவும். இது ஓப்பன் சீட்டு. மூணாவதா இருந்த பொண்ணோடது. அவளுக்கு ரிசர்வேஷனே தேவைப்படல. பாரத்துல அந்தக் கட்டத்தை டிக் பண்ணி வெச்சிருக்கா, அதுக்கு மேல ஒரு புகார் வேற, வெரிஃபை பண்ணாம சேக்க முடியாதுன்னுட்டாங்க. பாவம்." ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்றாவது வரியில் அவள் பெயர். எதிரில் எழுபத்தெட்டு.

எழுபத்தெட்டு. அறுபத்தொன்று வாங்கி அழுதுகொண்டிருந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று அவள் சொல்லாமல் இருந்திருக்கிறாள். காரணம் அவ்வளவுதான். அது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை? எத்தனையோ தோன்றிய எனக்கு அது ஒன்று மட்டும் தோன்றவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அழவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஹாஸ்டலில் ஜன்னலோர இடம் போய்விடுமோ என்று அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆனால் முதல் செமஸ்டர் முழுக்க எனக்கு நிம்மதியில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை வாங்கி வந்தார்கள் என்று கேட்கவே பயமாக இருந்தது. பொங்கல் லீவுக்கு வந்த மறுநாள் தலைச்சோலைக்குப் போனேன். காப்பி பறித்து முடிகிற சமயம். அவள் வீட்டு முன்களத்தில் பழத்தைப் பரப்பி, கட்டையால் தள்ளித் தள்ளிக் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா புள்ள. மெட்ராசுல சோறெல்லாம் நல்லா இருக்குதா?" என்று கேட்டாள். சான்றிதழ் உண்மைதான் என்று ஐப்பசியில் அறிக்கை வந்துவிட்டதாம். அடுத்த வருஷத் தேர்வுக்குப் போகிறாயா என்று கேட்டேன். "எங்கப்பா விட மாட்டேங்கறாரு. பேரு தெரியாத பகை ஒண்ணு இருக்குது, மறுக்காவும் ஏதாச்சும் செய்வாங்க, பொட்டப்புள்ளைய அனுப்ப மாட்டேன்னு ஒரே புடியா நிக்கறாரு" என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவள் கட்டையை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்ப இருந்து?"

"நோட்டீசு வந்த அன்னிக்கே. குப்பனூர்ல படிச்சதை உன்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கறேன்."

"தெரிஞ்சுட்டேவா என்கிட்ட வந்து பதில் எழுதச் சொன்னே?"

"நீயா சொல்லிருவியான்னு பாக்கத்தான் வந்தேன். அன்னிக்குச் சொல்லிருந்தீன்னா ரெண்டு பேரும் சேலத்துக்குப் போயி ஆபீசுல சொல்லியிருக்கலாம். காலேஜுல சேர இன்னும் பன்னெண்டு நாள் இருந்துச்சு. மூணு பக்கமும் எழுதி முடிக்கற வரைக்கும் உன்ற மூஞ்சியவேதான் பாத்துட்டிருந்தேன்." வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"எங்கப்பாகிட்ட நான் உன்ற பேரைச் சொல்லல" என்றாள். "நான் சொல்லி அவரு உன்ற ஊட்டுக்கு வந்து நின்னா நல்லா இருக்காது. நீயே சொல்லிரு. யாருன்னு தெரிஞ்சுட்டா பயம் போயிரும், பரீட்சைக்கு விட்டுருவாரு. பாரம் வாங்கக் கடைசித் தேதி அடுத்த மாசந்தான். உள்ளதான் படுத்திருக்காரு, வா."

உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. "கடைசி பஸ் போயிருமே" என்றேன். மணி அப்போது இரண்டுகூட ஆகவில்லை.