பெற்றோல் தாங்கிக்குள் இறங்கிய மழை: மூதூர் வீதியில் ஒரு பகல்

கடந்த மார்கழியில் ஒரு வியாழக்கிழமை, நானும் மனைவி வதனியும் திருகோணமலை நகரத்திலிருந்து கிளிவெட்டிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். நாலு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. புத்தியுள்ள எவரும் அந்த மழையில் ஐம்பத்தைந்து கிலோமீற்றர் ஓடமாட்டார்கள். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

வதனியின் தங்கை கோமதி அன்று கட்டாருக்கு வேலைக்குப் போகிறாள். இரண்டு வருட ஒப்பந்தம். பகல் பன்னிரண்டரைக்குக் கிளிவெட்டியிலிருந்து ஒரு வான் வண்டியில் கொழும்புக்கு, பிறகு விமானம். இதுகூட முதல் நாள் மாலை ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அக்காவும் தங்கையும் கதைத்து ஒன்றரை வருடம். மாமியின், அதாவது அவர்களின் அம்மாவின், செத்தவீட்டோடு வந்த கோபம் அது. நோயில் கிடந்த மாமியைக் கடைசிவரை பார்த்தவள் கோமதி. வருத்தம் கூடியதை நேரத்துக்குச் சொல்லவில்லை என்று, வந்த சனங்களுக்கு முன்னால் வதனி கத்திவிட்டாள்: "நீதான் அம்மாவின்ரை முகத்தைக் காட்டாமல் விட்டனி." அன்றைக்கே அவளுக்கு மனம் உறுத்தத் தொடங்கிவிட்டது. ஆனால் போய் ஒரு வார்த்தை சொல்லக் கால் எழும்பவில்லை. இந்தச் செய்தி வந்த மாலை சோற்றைப் பிசைந்தபடியே இருந்தவள், கடைசியில் "நாளைக்கு ஒருக்காப் போவமே?" என்று கேட்டாள்.

கடல் கொந்தளிப்பால் மூதூருக்கு வள்ளம் ஓடவில்லை. காலை பஸ்ஸையும் விட்டுவிட்டோம் (வதனி மூன்று சேலை மாற்றினாள், நான் வாய் திறக்கவில்லை). ஆகவே எனது பழைய மோட்டார் சைக்கிள்தான். அது நாலு நாளாக முற்றத்து மழையில் நின்றது. நிறுத்தும் கொட்டிலுக்குள் உடுப்புக் காயப்போட்டிருந்தோம். இதை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

9.20க்குப் புறப்பட்டு, 10.05க்குக் கிண்ணியாப் பாலம். பாலத்தின் நடுவில் எஞ்சின் இரண்டு தரம் இருமியது. காற்றுக்குத்தான் அப்படி என்று நினைத்து ஓடினேன். கிண்ணியா தாண்டியதும் தாங்கியில் பெற்றோல் குறைந்து, அடியில் மிச்சமிருப்பதை எடுக்க ரிசேர்வுக்குத் திருப்பினேன். அதிலிருந்து இருமல் கூடியது. மூதூருக்கு நாலு கிலோமீற்றர் இருக்கும்போது, 10.50க்கு, அடியோடு நின்றது. இரண்டு பக்கமும் வெள்ளம் நிற்கும் வயல். உதைத்து உதைத்து என் கால்தான் நொந்தது.

தள்ளத் தொடங்கினோம். வதனி பின்னால் கைகொடுத்துத் தள்ளினாள். சேலைக் கரை முழுக்கச் சேறு. அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒன்றே கால் கிலோமீற்றர் தள்ளியபிறகு, 11.20க்கு, தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் வந்தது. சலீம் நானா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்பவருடையது. என் வயதுதான் இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்து, தாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே தெரியும் ஒரு வெள்ளைப் போத்தலை எடுத்து, குழாயைக் கழற்றி, பெற்றோலை அதில் பிடித்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். மேலே பெற்றோல், அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். நடுவில் கோடு கீறினமாதிரிப் பிரிந்து நின்றது.

"இது மழைத் தண்ணி. எங்கால வந்தது எண்டு பாருங்க," என்று மூடி பொருந்தும் இடத்தைக் காட்டினார். அந்தப் பள்ளத்தில் விழும் மழை வடிவதற்கு ஊசி போகுமளவு ஓட்டை ஒன்று உண்டு. அது சேறு அடைத்துக் கிடந்தது. தண்ணீர் தேங்கி, மூடியின் இறுகிப்போன றப்பர் வாசரைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது. பெற்றோலைவிடத் தண்ணீர் பாரம் என்பதால் அடியிலேயே கிடக்கும். ரிசேர்வு அடியிலிருந்துதான் உறிஞ்சும்.

"எவ்வளவு நேரம் செல்லும் நானா?"

"ஒரு மணித்தியாலம். அவசரமோ?"

நான் சொல்லமுதல் வதனி சொன்னாள். "என்ரை தங்கச்சி இண்டைக்கு வெளிநாட்டுக்குப் போறாள். பன்னிரண்டரைக்கு முதல் கிளிவெட்டிக்குப் போகவேணும்." நானா அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த மற்ற வேலையை ஓரமாக வைத்தார். கிளச் கேபிளின் ஒரு கம்பி இழையால் ஓட்டையைக் குத்தி எடுத்தார். காபரேற்றரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தார். 12.05க்கு எஞ்சின் பிடித்தது. வதனி அழுகையும் சிரிப்புமாக ஏறினாள். முன்னூறு மீற்றர் போயிருப்போம். மறுபடியும் இருமல். நின்றது.

தள்ளிக்கொண்டு திரும்பினோம். "தாங்கி மூலையில இன்னும் கிடக்கு. முழுசாக் கழற்றிக் கவிழ்க்காம ஏலா," என்றார் நானா. அவர் முகமும் வாடிவிட்டது. மழையில் முச்சக்கரவண்டி ஒன்றும் அகப்படவில்லை. நேரம் 12.15. வதனி அங்கிருந்த பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்து தன் சேற்றுக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே வந்து கோமதிக்குப் போன் எடுத்தேன். வதனியிடம் கேட்கவில்லை.

"கோமதி, நான் அத்தான்."

அவள் வைத்துவிடமுதல் அவசரமாகச் சொன்னேன்.

"நாங்கள் உன்னைப் பார்க்கத்தான் வந்தனாங்கள். மூதூருக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் நிண்டிட்டுது. ரோட்டோரம் சலீம் நானாவின்ரை கராஜிலை நிக்கிறம். தாங்கிக்குள்ளை தண்ணி இறங்கிட்டுது. வந்துசேர ஏலாது போலக் கிடக்கு."

"அக்காவும் நிக்கிறாவோ?" என்று கேட்டாள்.

"ஓம். உன்னட்டை வரத்தான் சேறு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தவ."

"அவவை அங்கேயே நிக்கச் சொல்லுங்கோ," என்று வைத்துவிட்டாள்.

கிளிவெட்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வான் நேரே கந்தளாய்ப் பக்கம் போகும், மூதூருக்கு வராது. கோமதி சாரதியோடு கதைத்து, மூதூரால் வந்து கிண்ணியாவுக்குள்ளால் கந்தளாய்க்கு ஏறுவதென்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறாள். முக்கால் மணித்தியாலம் கூடுதல். வானில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் "போவம்" என்றார்களாம். அவர்களும் யாரையோ விட்டுவிட்டுப் போகிறவர்கள்தானே.

1.10க்கு வெள்ளை வான் ஒன்று கராஜுக்கு முன்னால் நின்றது. கோமதி புதுச் சப்பாத்தோடு சேற்றுக்குள் இறங்கினாள். வதனி எழும்பினாள், நடக்கவில்லை. ஒன்றரை வருடம் மனதுக்குள் சொல்லிப்பார்த்த வார்த்தைகள் எதுவும் அவளுக்கு வரவில்லை என்று பிறகு சொன்னாள். வந்தது இதுதான்: "சாப்பிட்டியோ?"

"இல்லை அக்கா," என்றாள் கோமதி. அதோடு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வதனியின் கையெல்லாம் பெற்றோல் மணம். "நான் அண்டைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்பது மட்டும் எனக்குக் கேட்டது. கோமதி, "அம்மாதான் சொல்லவேண்டாம் எண்டவ. நீங்கள் பயந்து ஓடி வருவியள் எண்டு," என்றாள். இதை ஒன்றரை வருடம் அவள் யாருக்கும் சொல்லவில்லை.

நானாவின் மனைவி உள்ளேயிருந்து நாலு றொட்டியும் சம்பலும் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கோமதியின் கையில் வைத்தார். சாரதி மணி பார்த்தார். பதினைந்து நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். ஏறமுதல் கோமதி கைப்பையைத் திறந்து மாமியின் வீட்டுத் திறப்பை (சாவியை) எடுத்தாள். "பக்கத்து வீட்டை குடுக்கத்தான் வைச்சிருந்தனான். நீங்கள் வைச்சிருங்கோ. ஏலுமான நேரம் போய் அம்மாவின்ரை படத்துக்கு விளக்கு வையுங்கோ அக்கா."

தாங்கியைக் கழற்றி வடித்து, எங்கள் வேலை 1.50க்கு முடிந்தது. கூலி 1,500 ரூபாய், மூடி வாசர் 350, புதுப் பெற்றோல் இரண்டு லீற்றர் அறுநூறு ரூபாய்ச் சொச்சம். றொட்டிக்குக் காசு நீட்டியபோது நானா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். நீங்கள் அந்தப் பிழையை விடாதீர்கள்.

மாரியில் இந்தப் பாதையால் போகிறவர்களுக்கு: முதல் நாளே மூடியைத் திறந்து அந்தச் சின்ன ஓட்டையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். றப்பர் இறுகியிருந்தால் மாற்றுங்கள். வெளியில் நிறுத்தினால் மூடிக்கு மேல் பொலித்தீன் கட்டுங்கள், தாங்கியை நிறைத்தே வையுங்கள். இருமத் தொடங்கினால் என்னைப்போல் காற்றைக் குறைசொல்லாமல் நிறுத்தி, கொஞ்சப் பெற்றோலைப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் தெரிந்தால் தாங்கியைக் கழற்றி முழுதாக வடியுங்கள். அரைகுறை வேலை முன்னூறு மீற்றர்தான் ஓடும். கிண்ணியா தாண்டினால் கராஜ்கள் தூரம்தூரமாகத்தான் இருக்கின்றன.

அன்று நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. மழை விட்டிருந்தது. "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். வதனி கிளிவெட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். 2.25க்குப் போய்ச் சேர்ந்தோம். திறப்பு ஒரே திருப்பில் திறந்தது. வதனி விளக்கேற்றிவிட்டு, கோமதி கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன கோப்பைகளில் எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.