கோடு போடுகிறவர் வரைந்த திமிங்கலம்

என் தங்கையின் கணவருக்குச் சாலையில் கோடு போடும் வேலை. நடுக்கோடு, ஓரக்கோடு, வண்டி நிறுத்தும் கட்டம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ‘மெதுவாக’ என்ற எழுத்து, எல்லாம் அவர் கைவேலைதான். ஊரில் பாதிப் பேர் அவர் கிழித்த கோட்டைத் தாண்டாமல்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஒரே ஒருத்திதான் அவரை மதிக்காமல் இருந்தாள். என் தங்கையின் முதல் கல்யாணத்தில் பிறந்தவள், ஏழு வயது. வாலு என்று கூப்பிடுவோம்.

முதல்முதலாக அவர் என் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். காபி டம்ளரை மேசையின் விளிம்புக்கு நேராக நகர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டார். இவரோடு என் தங்கை எப்படிக் குப்பை கொட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளானால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வாலு தொட்டிலில் கிடந்தபோதே அவளைப் பெற்ற அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் மூவரும் ஒரே வீடு. தங்கை விடிந்தால் பேக்கரி வேலைக்குப் போய்விடுவாள். நான் தனிக்கட்டை, வீட்டிலேயே தையல். என் மெஷினுக்கு அடியில், வெட்டுத்துணிக் குவியலில் வளர்ந்தவள் வாலு. எனக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்பதே அவளால் மறந்துபோயிருந்தது.

கல்யாணம் முடிந்ததும் தங்கை இரண்டு தெரு தள்ளிப் புருஷன் வீட்டுக்குப் போனாள். வாலு போகவில்லை.

“நான் பெரியம்மா வீட்லயே இருக்கேன். அங்க யாரு போவா?”

“அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுடி” என்று நான் அதட்டினேன். உள்ளுக்குள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. தங்கை தினமும் சாயங்காலம் வந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டு, போகும்போது அழுதுகொண்டே போவாள். அதைப் பார்த்தும் என் சந்தோஷம் குறையவில்லை. அவ்வளவு நல்லவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். வாலுவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“உனக்குன்னு ஒரு ரூம் பண்ணலாம்னு இருக்கேன். எப்படி வேணும், சொல்லு.”

வாலு நிமிர்ந்தே பார்க்கவில்லை. “கடல் வேணும்” என்றாள். வீட்டுக்குள் கொண்டுவர முடியாத ஒன்றைத் தேடிப்பிடித்துச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், அவள் என் வளர்ப்பு.

“சரி.”

“திமிங்கலமும் வேணும்.”

“பெருசா, சின்னதா?”

அப்போதுதான் அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். “பெருசு” என்றாள்.

ஒருநாள் வந்து பார்ப்பது, பிடிக்காவிட்டால் சாயங்காலமே திரும்பிவிடுவது என்று ஒப்பந்தம். மூன்று வாரம் வேலை நடந்தது. திரைச்சீலை தைக்கச் சொல்லி என்னையும் இழுத்துவிட்டார்கள். அலை அலையாக மடிப்பு வைத்த நீலத் துணி. பிடிக்காத வேலை என்றால்கூடத் தையலைக் கோணலாகப் போட எனக்கு வராது.

அந்த நாளும் வந்தது. வாலுவின் பையில் ஒரு கவுன், சீப்பு, பல் தேய்க்கும் பிரஷ் மட்டும் வைத்தேன். வெட்டுத்துணி அடைத்து நான் தைத்த தலையணை ஒன்று உண்டு, அது இல்லாமல் அவளுக்குத் தூக்கமே வராது. அதைக் கட்டிலிலேயே விட்டேன். மறந்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். நான் மறக்கவில்லை.

அறையைக் குறை சொல்லக் காரணம் தேடிக்கொண்டுதான் போனேன். கிடைக்கவில்லை. சுவரில் கீழே கரும்பச்சைக் கடல், மேலே வெளிர்நீல வானம். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, நான்கு சுவரிலும், அலமாரிக் கதவிலும், சுவிட்சுப் பெட்டியிலும் ஒரு மயிரிழை பிசகாமல் ஓடியது. கட்டில் படகு மாதிரி. கப்பல் ஜன்னலைப் போல வட்டக் கண்ணாடி. கூரையிலிருந்து தகட்டு மீன்கள் தொங்கின. பணக்காரப் பத்திரிகையில் வரும் படம்போல இருந்தது. எனக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாலு தரையைப் பார்த்தாள். கதவிலிருந்து எதிர்ச் சுவர்வரை, கருநீலத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று நீண்டு கிடந்தது.

“இது என்ன?”

“திமிங்கலம்” என்றார் அவர், பெருமையாக.

“இது புடலங்கா.”

தங்கை உதட்டைக் கடித்தாள். நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பத்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், புடலங்காயேதான். சாயங்காலம் வாலு என் வீட்டில் இருப்பாள் என்று மனசு கணக்குப் போட்டது.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. “நான் பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு...”

“எங்கருந்து பாத்தீங்க?” என்றாள் வாலு.

அவர் அறையின் வாசற்படியில் குப்புறப் படுத்து, தாடையைத் தரையில் வைத்தார். சாலையில் எழுதினால் அப்படிப் படுத்துத்தான் சரிபார்ப்பாராம். தூரத்தில் வருகிற டிரைவருக்கு எழுத்து நசுங்கித் தெரியுமாம், அதனால் நீட்டி நீட்டி எழுதுவதுதான் அவர்கள் வழக்கமாம்.

“கை தானா அப்படியே இழுத்துட்டுப் போயிருச்சு” என்றார், படுத்தபடியே. “எழுந்து நின்னு ஒரு தடவ பாத்திருக்கணும். அழிக்கவும் முடியாது, ரோடு பெயின்ட்டு.” சொல்லிக்கொண்டே நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வாலு யோசித்தாள். பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் தொப்பென்று படுத்தாள்.

“ஐயோ! பெரியம்மா, குண்டா இருக்கு! எகிறிக் குதிக்குது! அம்மா, வா, நீயும் படு!”

தங்கை படுத்தாள். என்னையும் விடவில்லை. முட்டிவலிக்காரி நான், கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து, முனகிக்கொண்டே இறங்கித் தாடையைத் தரையில் வைத்தேன். புடலங்காயைக் காணோம். கொழுகொழுவென்று ஒரு திமிங்கலம் தண்ணீரிலிருந்து மேலே பாய்ந்துகொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணால் எங்களைப் பார்த்தது.

அவர் எழுந்துபோய் நான் தைத்த திரைகளை இழுத்துவிட்டு டார்ச் அடித்தார். சாலைக்கோட்டில் தூவும் கண்ணாடித் தூளை அதிலும் தூவியிருக்கிறார். திமிங்கலம் முழுக்க மினுமினுத்தது. வாலு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!”

அப்புறம் பையைக் குடைந்தாள்.

“பெரியம்மா, என் தலகாணி எங்க?”

“மறந்துட்டேன்டி.”

“எடுத்துட்டு வரீங்களா? ராத்திரிக்கு வேணுமே.”

ராத்திரிக்கு. அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. அவர் பைக்கில் கூட்டிப்போகிறேன் என்றார், வேண்டாம் என்று நடந்தேன். அவர் போட்ட வெள்ளைப் பட்டைமேல்தான் சாலையைக் கடந்தேன், எனக்காக ஒரு பஸ்ஸே நின்றது. வீட்டில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவி, உறையை மாற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது அந்த அறை வாசலில் புதிதாக நான்கு வெள்ளைக் கட்டங்கள். வண்டி நிறுத்தப் போடுவார்களே, அதே மாதிரி. வாலு கையில் பெயின்ட்டோடு வழியை மறித்து நின்றாள்.

“அவங்கவங்க கட்டத்துலதான் படுக்கணும். இது எனக்கு, இது அம்மாவுக்கு, இது அவருக்கு. இது உங்களுக்கு.”

என்னுடையதுதான் இருப்பதிலேயே அகலம்.

“ஏன்டி, நான் என்ன அவ்வளவு குண்டா?”

“பெரிய வண்டிக்குப் பெரிய கட்டம் போடணும்னு அவரு சொன்னாரு.”

“ஐயோ அக்கா, சத்தியமா நான் சொல்லல!”

என் கட்டத்தின் முன்னால் நீள நீளமாக ஏதோ எழுதியிருந்தது. நின்று பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. தலையணையை வாலுவிடம் கொடுத்துவிட்டு, முட்டியைத் திட்டிக்கொண்டே மறுபடியும் படுத்தேன்.

‘பெரியம்மாவுக்கு மட்டும்’ என்று இருந்தது.

படுத்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது எத்தன வருஷம் தாங்கும் தம்பி?” என்று கேட்டேன்.

“லாரி ஏறாம இருந்தா அழியவே அழியாது அக்கா” என்றார்.