மண்டோர் முருகையா சொன்ன எழுபது

புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் முருகையா மண்டோர், அதாவது குலை வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி. அவர் வெட்டச் சொன்ன குலை காய் என்று ஆலையிலிருந்து திரும்பி வந்ததாக முப்பது வருஷத்தில் ஒரு புகார் கிடையாது. மற்ற மண்டோர்கள் அண்ணாந்து குலையின் நிறத்தைப் பார்ப்பார்கள். முருகையா தரையைத்தான் பார்ப்பார். மரத்தடியில் பத்துப் பழம் உதிர்ந்து கிடந்தால் வெட்டு, இல்லையென்றால் அடுத்த மரம். அப்படிப்பட்டவரிடம் அவருடைய ஒரே மகள் தனேஸ்வரி, விமானி ஆகப் படிக்கப்போவதாகவும், அதற்கு மூன்றரை லட்சம் வெள்ளி ஆகும் என்றும் சாப்பாட்டு வேளையில் சொன்னாள்.

“அந்தக் காசுக்கு ஏரோப்ளேனையும் சேத்துக் குடுப்பானா?” என்றார் முருகையா.

“இல்லப்பா, ஓட்டக் கத்துக்குடுக்க மட்டும்தான். பேங்க்ல லோன் தருவாங்க. வீட்ட அடமானம் வெக்கணும்.”

முருகையாவின் மனைவி புனிதவதி எழுந்துபோய் வீட்டுப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். மறுநாள் அதுவும் போதாது என்று தோன்றி, மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே படுத்துக்கொண்டாள்.

முருகையா ஒரு வாரம் ஊரெல்லாம் யோசனை கேட்டார். சாப்பாட்டுக் கடை கிஃபாயத்துல்லா, “மூணரை லட்சத்துல நாலு கடை போடலாம் மண்டோர். கடை விழுந்தாலும் தரையிலதான விழும்?” என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மகள் மூன்று வருஷமாகக் கூரையில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் வெளியே ஓடி, அது எந்த விமானம், எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள். முருகையா தன் சந்தேகங்களை ஒரு தாளில் எழுதி அவளிடம் நீட்டினார்.

“வேலை கிடைக்கலன்னா, கிராப் டாக்சி மாதிரி சொந்தமா ஓட்டிக்கலாமா?”

“முடியாதுப்பா.”

“பெரிய மழை வந்தா ஓரமா நிறுத்திக்கலாமா?”

“அப்பா!”

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். முதலில் விமானிகளுக்கான மருத்துவச் சோதனை. அதில் தேறாவிட்டால் கடன் பேச்சே வேண்டாம். புனிதவதிக்கு இது பிடித்திருந்தது. மகளுக்கு ஏதாவது ஒரு சின்னக் கோளாறு, உடம்பைப் பாதிக்காத கோளாறு, இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

சுபாங்கில் இருந்த கிளினிக்கில் இதயம், காது எல்லாம் பார்த்து முடித்த டாக்டரம்மா, கண் சோதனைக்கு வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் திறந்தார். புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் தெரியும். அதைச் சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரும் பின்னால் நின்றார்கள்.

“பன்னிரண்டு,” என்றாள் தனேஸ்வரி. முருகையா தலையாட்டினார்.

அடுத்த பக்கம். “எட்டு.”

முருகையா கழுத்தை நீட்டிப் பார்த்தார். எட்டா? “பாப்பா, நல்லா பாரு. மூணு,” என்று கிசுகிசுத்தார்.

அடுத்த பக்கம். “இருபத்தொன்பது.”

“எழுபது! எழுபதுன்னு சொல்லும்மா!” இந்த முறை அவர் குரல் வெளி அறைவரை கேட்டது. அடுத்த பக்கத்தில் எண்ணே இல்லை. ஆனால் மகள் கூசாமல் ஓர் எண்ணைச் சொன்னாள். “இல்லாததச் சொல்லாத. எழுதி வெச்சுருவாங்க,” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

டாக்டரம்மா புத்தகத்தை மூடினார். மகளை எழுப்பிவிட்டு, முருகையாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துபோனது. மகளின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்குத்தான் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படித்தான்.

“அதான் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்டு வாங்கிட்டு வாங்கன்னா செங்கல் கலர்ல வாங்கிட்டு வந்தீங்களா?” என்றாள் புனிதவதி. “வேணும்னே செஞ்சீங்கன்னு ரெண்டு மாசம் பேசாம இருந்தேனே! சரி, ரோட்டுல சிக்னல் எப்படிப் பாப்பீங்க?”

“மேல எரிஞ்சா நிக்கணும். கீழ எரிஞ்சா போவணும்,” என்றார் முருகையா மெதுவாக.

வெளியே வந்து மூவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முருகையா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ எட்டுன்னு சொன்னதும் எனக்கு உசுரே போச்சு பாப்பா. நீ ஃபெயிலாயிருவியோன்னு,” என்றார். வீட்டை அடகு வைக்கத் தயங்கியவர்தான். ஆனால் அவள் தோற்றுவிடுவாளோ என்றதும் அதெல்லாம் மறந்து பதறியதை அப்போதுதான் அவரே உணர்ந்தார். தனேஸ்வரி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

புனிதவதி சொன்னாள்: “இருபத்தாறு வருஷமா இந்த மனுசன் மோட்டார்ல பின்னால உக்காந்து போறேன். கலர் தெரியாத ஆள நம்பி உசுர குடுத்தேன். எல்லாக் கலரும் தெரியிற புள்ளய நம்பி வீட்டக் குடுக்க மாட்டேனா? ஆனா ஒண்ணுலா, மொத்தத்தையும் ஒரேயடியா வாங்கக் கூடாது. முதல் லைசன்சுக்கு மட்டும் வாங்குவோம். பாஸானா மிச்சத்தப் பாப்போம்.”

வங்கியும் தவணை தவணையாகத் தர ஒத்துக்கொண்டது. தனேஸ்வரி முதல் உரிமத்தை எடுத்துவிட்டாள். இரண்டாவது தவணைக்கும் கையெழுத்தாகிவிட்டது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், இருந்தாலும் தூங்குகிறார்கள்.

கிஃபாயத்துல்லா கடையில் யாராவது மகளைப் பற்றி விசாரித்தால், முருகையா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொல்வார்: “நானும் பைலட் சோதனைக்குப் போனவன்தான்லா. கண்ணாலதான் கெட்டுச்சு.”