ஜெபக்குறிப்பாகச் சொன்னது

வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்த என் மகள், காலையில் மாடி அறையில் கண்ணை மூடிப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பைபிள் திறந்திருக்காது. உதடும் அசையாது. பயந்துபோய் என்னவென்று கேட்டேன்.

"வாய்விட்டு ஜெபிக்கவே வரமாட்டேங்குதும்மா, மாசக்கணக்கா. யாருட்டயும் சொல்லிராத."

பிறகு ஆதிக் குவேக்கர்களைப் பற்றிச் சொன்னாள். சில நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில், போதகரும் பாட்டும் இல்லாமல் கூடி, மௌனமாகக் காத்திருந்த கிறிஸ்தவர்கள். மெய்யான ஒளி எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிறது என்று யோவான் முதல் அதிகாரத்தில் படித்தார்கள். கிறிஸ்து உங்களுக்குள்ளேயே இருக்கிறார் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியதைப் படித்தார்கள். இரண்டையும் அப்படியே நம்பினார்கள்.

"உள்ள இருந்து அவரே சொல்லித்தருவாராம். ஆனா அந்த வெளிச்சம் ஆறுதல் தர்றதுக்கு முன்னாடி நம்ம தப்பைத்தான் காட்டுமாம்."

தலையாட்டினேன். பிள்ளை சபையை விட்டே போய்விடுவாளோ என்ற பயத்தில் பாதி காதில் விழவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டார்கள். புறணி என்றால் பாவம். அதையே ஜெபக்குறிப்பாகச் சொன்னால் பாரம், பிறருக்காக மனம் கனப்பது. எங்கள் பழக்கம் அப்படி. மகள் என்னிடம் சொன்ன எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வடமதுரையிலிருந்து கூட்டத்துக்கு வரும் ஓர் அக்கா முந்திக்கொண்டார். "சும்மா உக்காந்திருக்கிறது ஜெபமாக்கும்! அப்ப எங்க வீட்டுக்காரரு இந்நேரம் பெரிய ஊழியக்காரரா ஆயிருக்கணுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிமிர்ந்தால், காபித் தட்டோடு மகள் நிற்கிறாள்.

சுற்றி நின்று அவள் தலையில் கை வைத்தார்கள். "இயேசப்பா, இந்தப் பிள்ளைக்குள்ள வாங்கப்பா!" என் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. தட்டை அவள் கையிலிருந்து வாங்க யாருக்கும் தோன்றவில்லை. டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருந்தன.

எல்லோரும் போனபின் தரையில் சிந்திய காபியைத் துடைத்தபடி சொன்னாள்: "ஏற்கெனவே உள்ள இருக்கிறவரை வெளிய இருந்து கூப்பிடுறீங்க. அது கெடக்கட்டும். உன்ட்ட மட்டும்தானம்மா சொன்னேன்."

மறுநாள் காலையில் மாடி அறைக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். செத்த நேரத்தில் நேற்றைய என் சிரிப்பே எனக்குக் கேட்க ஆரம்பித்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட மனசை..." என்று வந்தது.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அவர்ட்ட இல்லம்மா. என்ட்ட சொல்லு."

சொன்னேன். அரைகுறையாக, அழுகையோடு. "ம்" என்றாள்.

இப்போதும் தினமும் போய் உட்காருகிறேன். அவள் எழுந்து போவதில்லை. தன்னைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்வதுமில்லை.