டெல்லா ரோவன் பேசிய நான்கு நிமிடங்கள்

காலை ஒன்பது பத்துக்குப் பிக்கரிங் நிலையத்தில் ரயில் ஏறினேன். டொரொண்டோ மத்திய நிலையம் வரை முப்பத்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். கட்டணம் எட்டு டாலருக்குப் பக்கம். இடதுபுறம் ஒன்டாரியோ ஏரி கடல்போல விரிந்து கூடவே வந்தது. நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. கையிலிருந்த புகைப்படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் இருப்பவர் டெல்லா ரோவன். பேசாப் பட காலத்து ஹாலிவுட் நடிகை. வெள்ளை நரித்தோல் போர்வை, முத்துமாலை, பாதி மூடிய கண்கள். நான் சென்னையில் இருபத்தைந்து வருடமாகத் திரைப்பட ஒப்பனைக் கலைஞர். பழைய காலக் கதை என்றால் இந்தப் படத்தைத்தான் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொள்வேன். அந்த உதட்டு வளைவை எத்தனையோ கதாநாயகிகளுக்கு வரைந்திருக்கிறேன்.

ஸ்பெயின் நாட்டுப் பிரபு குடும்பத்து அநாதை என்று ஸ்டுடியோ அவரை விளம்பரப்படுத்தியது. உண்மையில் அவர் டொரொண்டோவின் பார்க்டேல் பகுதியில் பிறந்தவர். அம்மா வீட்டிலிருந்தபடி துணி தைத்தவர். பதினேழு வயதில் கலிபோர்னியாவுக்குப் போன மகள் பெரிய நட்சத்திரமானாள். பேசும் படம் வந்ததும் வாய்ப்புகள் நின்றன. பெற்ற தாயை மறைத்தவள் என்ற பெயர் மட்டும் சொந்த ஊரில் தங்கிவிட்டது.

விடுமுறைக்குப் பிக்கரிங்கிலுள்ள தோழி வீட்டுக்கு வந்திருந்த எனக்கு இரண்டு நாள் முன்பு ஒரு செய்தி கிடைத்தது. அந்தத் தாய் குடியிருந்த வீட்டில் சுவரை இடித்தபோது ஒரு படச்சுருள் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பார்க்டேல் தேவாலய மண்டபத்தில் அதைத் திரையிடுகிறார்கள். அனுமதி இலவசம், அறுபது பேருக்கு மட்டும்.

மத்திய நிலையத்திலிருந்து ஒரு தெரு நடந்து, கிங் வீதியில் மேற்கே போகும் ஸ்ட்ரீட்காரில் ஏறினேன். தெருவின் நடுவே தண்டவாளத்தில் ஓடும் நீளமான சிவப்பு வண்டி. அரை மணி நேரத்தில் ஜேம்சன் அவென்யூ நிறுத்தம். இறங்கியதும் ஏறத்தாழ ஓடினேன்.

பத்து ஐம்பதுக்கு மண்டப வாசலில் நின்றேன். இடம் நிரம்பிவிட்டது என்று கதவருகே இருந்த பெண் கையை விரித்தார். “ஐயோ, சென்னையிலிருந்து வந்தும் இப்படியா!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

உள்ளேயிருந்து நீலச் சேலை கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்தார். “இந்தியாவில இருந்தோ வந்தனீங்கள்?”

“ஆமாங்க. இந்தப் படத்தைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“அப்ப என்னோட வாங்கோ. என்ர வீட்டுச் சுவருக்குள்ள கிடந்த படம். உங்களை ஆர் மறிக்கிறது?”

அவர் றெஜினா. மன்னாரிலிருந்து வந்து பார்க்டேலிலேயே தங்கிவிட்டவர். சுருள் கிடைத்த வீடு அவருடையதுதான். முன்வரிசையில் தன் கைப்பை வைத்திருந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார். பக்கத்தில் அவருடைய தங்கை ஜெசிந்தா. சிறுவயதில் மூளைக்காய்ச்சலில் அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டதாம். “முகத்தைப் பாத்துக் கதையுங்கோ, அவளுக்கு விளங்கும். தமிழ், இங்கிலீஸ் ரெண்டும்” என்றார் றெஜினா.

விளக்குகள் அணைந்தன. பழைய சுருளிலிருந்து எடுத்த கணினிப் பிரதிதான் திரையில் ஓடியது. சினிமா அல்ல, யாரோ வீட்டுத் தோட்டத்தில் பிடித்த நான்கு நிமிடப் படம். எலுமிச்சை மரத்தடியில் சாதாரணக் கவுன் போட்ட ஒரு பெண். கன்னமெல்லாம் புள்ளிகள். இது யாரென்று நான் தேடும்போதே அவள் தலையைச் சாய்த்தாள். அதே உதட்டு வளைவு. டெல்லா! ஒப்பனையில்லாத டெல்லா! கேமராவைப் பார்த்து ஓயாமல் பேசிக்கொண்டேயிருந்தாள். சத்தமில்லை, எழுத்துமில்லை.

ஜெசிந்தா அக்காவின் கையை இறுகப் பிடித்தார். “அக்கா, அவ கதைக்கிறது எனக்குத் தெரியுது.”

றெஜினா எழுந்து நின்றார். “ஸ்டொப்! ஸ்டொப்! திருப்பிப் போடுங்கோ!”

மண்டபமே திரும்பியது. ஜெசிந்தா உதட்டசைவை வாசிக்கிறார் என்று புரிந்ததும், சுருளைப் பிரதியெடுத்த கணினிக்காரர் படத்தை மறுபடி முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். ஜெசிந்தா திரைக்கு அருகே போய் நின்றார். ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

“அம்மா, இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. முகத்தில ஒண்டும் பூசேல்ல, பாருங்கோ... இது நீங்கள் தைச்சு அனுப்பின சட்டை.” டெல்லா கவுன் விரிய ஒரு சுற்றுச் சுற்றினாள். “அம்மா இருக்கிறா எண்டு சொல்லக் கூடாதெண்டு ஸ்டுடியோக்காரங்கள் என்னட்டை எழுதி வாங்கிப்போட்டாங்கள். அதுதான் இப்பிடிக் கதைக்கிறன். ஆறு கிழமையில...”

ஆறு வாரத்தில் என்ன என்று சொல்லும் இடத்தில் டெல்லா மரத்தின் பக்கம் திரும்பிவிட்டாள். “இதில தெரியேல்ல. நான் ஊகிச்சுச் சொல்ல மாட்டன்” என்றார் ஜெசிந்தா. கடைசி விநாடியில் முகம் மறுபடி தெரிந்தது. “திருப்பிப் போட்டுப் பாருங்கோ அம்மா, எத்தினை தரம் எண்டாலும்.”

எல்லோரும் ஒரேயடியாக எழுந்து கைதட்டினார்கள். காது கேட்காத ஜெசிந்தா அந்தக் கைகளைப் பார்த்துச் சிரித்தார்.

தாய் அந்தப் படத்தைப் பார்த்தாரா? தேநீர் வேளையில் கணினிக்காரரிடம் கேட்டேன். அவர் அசல் சுருளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். படம் காட்டும் கருவியின் பற்களில் மாட்டும் ஓரத் துளைகள் எல்லாம் இழுபட்டு நைந்திருந்தன. “எங்கள் கைக்கு வரும்போதே இப்படித்தான். இருபது முப்பது தடவை ஓட்டினால் இப்படித் தேயாது” என்றார்.

சுருளை நகரக் காப்பகத்துக்குத் தரச் சம்மதமா என்று அவர் றெஜினாவைக் கேட்டார். றெஜினா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “கீழ எழுத்துப் போடுங்கோ. ஆர் வாசிச்சது எண்டு என்ர தங்கச்சியின்ர பேரும் போடுங்கோ.” அவர் அங்கேயே எழுதிக்கொண்டார்.

மாலை நாலே காலுக்குத் திரும்பும் ரயில். பார்க்டேலில் கேட்டதைத் தோழிக்குத் தொலைபேசியில் சொல்லும்போது என் குரல் உயர்ந்து, எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பேசி முடித்தபின் ஊர் நினைவு வந்தது. சாலிகிராமத்தில் என் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி, தொண்ணூறை நெருங்கும் நடிகை ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி ஊர் சொல்வதையெல்லாம் நானும் சொல்லியிருக்கிறேன். வருடக்கணக்காக அவர் வீட்டு வாசலைக் கடந்துதான் படப்பிடிப்புக்குப் போகிறேன். ஒரு நாளும் அழைப்பு மணியை அழுத்தியதில்லை. வியாழக்கிழமை விமானம். வெள்ளி இரவு சென்னை. சனிக்கிழமை காலை, பத்து மணிக்கு மேல் என்றால் அவர் விழித்திருப்பார்.