அண்ணன் தேய்த்த அம்பு

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. அவர் செத்துப் பல வருஷமாகியும் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என்னிடம் நடுநிலைமையை எதிர்பார்க்க மாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில், அவசர நிலை அமலில் இருந்த காலம். இருபது வருஷம் ராணுவத்தின் ஆயுதக் கிடங்குகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். ஊர் என்றால் கோவிந்தாபுரம், மலையாளக் கரையின் ஓரம்; செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. நான் சர்வீஸில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். வீட்டிலும் நிலத்திலும் என் பங்கைக் கேட்கப் போனேன். அண்ணன் உள்ளே போய் அப்பாவின் ரிவால்வரை எடுத்து வந்து மேசை மேல் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"உனக்கு இங்க என்னடா இருக்குது? நீ மாமன் ஊட்டுக்குச் சுவீகாரம் போனவன்."

பள்ளிக்கூடம் படிக்கப் பொள்ளாச்சியில் மாமா வீட்டில் இரண்டு வருஷம், பண்டிகைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துகொண்டு, இருந்ததைத்தான் அவர் சுவீகாரமாக்கினார். நான் கோர்ட்டுக்குப் போனேன். அங்கேயும் கூசாமல் அதையே எழுதிக் கொடுத்தார்: தம்பி பால்குடி மறந்ததுமே தத்துப் போய்விட்டான், இந்த வீட்டில் அவன் வளரவே இல்லை. அப்படியில்லை என்று சொல்ல ஒரு நல்ல சாட்சி போதும் என்றார் என் வக்கீல். ஊரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பாதிப் பேருடைய வெள்ளாமை அண்ணன் கிணற்றுத் தண்ணீரில்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த ரிவால்வர், உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்த சாமான்களைக் கோயம்புத்தூரில் ஏலம் விட்டபோது அப்பா வாங்கியது. முறையாக லைசென்ஸும் எடுத்தார். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா அதை எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு சரி. ஆயுத பூஜை அன்று மட்டும் எங்கள் கையில் கொடுப்பார். கறுப்பு இரும்பில் பொடிப்பொடியாய் எத்தனையோ முத்திரைகள். எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்கும். அது என்ன என்று அப்பாவுக்கும் தெரியாது. கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒற்றை அம்பு இருந்தால் சர்க்கார் சொத்து. அதை விற்கும்போது எதிரே இன்னோர் அம்பைக் குத்தி, இரண்டையும் முட்டவைத்துவிடுவார்கள். இனி இது சர்க்காருடையது இல்லை என்று பொருள்.

அப்பாவுக்குப் பிறகு துப்பாக்கியும் லைசென்ஸும் அண்ணன் கைக்கு வந்தன. அவருக்கு அந்தக் கறுப்பு நிறம் ஆகவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் கலப்பைக் கொழு, அரிவாள், மண்வெட்டியோடு அதையும் போட்டுச் செங்கல் பொடியும் மண்ணெண்ணெயும் வைத்து அவரே உட்கார்ந்து தேய்ப்பாராம். பித்தளைச் சொம்பு மாதிரி பளபளக்கும் வரை விடமாட்டார். பிறகு சந்தனம், குங்குமம் வைத்து ஊரையே கூப்பிட்டுக் காட்டுவார். கறுப்பு அழுக்கல்ல, துரு பிடிக்காமலிருக்கக் கொடுத்த பூச்சு என்று சொல்ல அங்கே ஆளில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கிற ஜென்மமில்லை.

அந்த வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்கத் துப்பாக்கிகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். புதிதாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் எதையும் லேசில் விடாதவர். ரிவால்வரில் இருந்த அம்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. லைசென்ஸ் இருக்கட்டும், ராணுவச் சாமான் உங்களிடம் எப்படி வந்தது என்றார்; ஏலத்தில் என்றதும் ரசீதைக் கேட்டார். அதைக் கரையான் தின்று வெகுநாளாகியிருந்தது. முத்திரை பார்க்கத் தெரிந்தவன் நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

சன்னலோரம் கொண்டுபோய் லென்ஸை வைத்துப் பார்த்தேன். குண்டு போடும் உருளையில் ஒரு மகுடமும் குறுக்கே வைத்த கொடிகளும் மங்கலாகத் தெரிந்தன. பலமான மருந்து வைத்துச் சுட்டுச் சோதித்ததற்கு அடையாளம் அது. நம்பரை ஆழமாக வெட்டியிருந்ததால் அது தப்பியிருந்தது. பக்கவாட்டில் ஒரு மூலையில் ஒற்றை அம்பு. அதற்கு எதிரே, கட்டைவிரலை அழுத்தித் தேய்க்க வாகான இடம், மொழுமொழுவென்று இருந்தது. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே முத்திரையை அண்ணன் வருஷா வருஷம் பூஜை போட்டு அழித்திருந்தார். விற்ற சாமான் என்றால் எதிரே இன்னோர் அம்பும் இருக்கும் என்று சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"மற்றே அம்பு எவிடே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"தேஞ்சு போச்சுங்க சார். பத்து வயசுல இருந்து பட்டாளத்துக்குப் போற வரைக்கும் ஆயுத பூஜைக்கு எங்கூட்டுல இதைக் கையில வாங்கிப் பார்த்திருக்கறேன். ரெண்டு அம்பும் மூக்கோட மூக்கு முட்டிட்டு நிக்கும். யாரு முதல்ல பார்க்கறதுன்னு நானும் அண்ணனும் அடிச்சுக்குவோமுங்க."

சப் இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை எடுத்தார். நான் சொன்னதை எழுதிக்கொள்வதாகவும், தம்பி சொன்னது சரி, இந்த வீட்டில்தான் பார்த்தான் என்று அண்ணன் கீழே கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். துப்பாக்கியை அப்போதே எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் அது பட்டாளத்தில் திருடிய சாமான். கேஸ் எடுத்தே ஆகவேண்டும்.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் பாசம் பொங்கி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது. நான் அந்த வீட்டில் வளர்ந்தவன் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டால் கோர்ட்டில் சுவீகாரக் கதை நிற்காது. அண்ணனுக்கும் அது உடனே விளங்கிவிட்டது. அவர் அயோக்கியரே தவிர மண்டு அல்ல.

பேனாவை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கையை நீட்டினார். போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதன் மேல் அவருக்கு அவ்வளவு மோகம். அந்தக் கை பேனாவைத் தாண்டிப் போய்த் துப்பாக்கியைத் தொட்டு, சப் இன்ஸ்பெக்டர் பக்கமாகத் தள்ளியது.

"நீங்களே வெச்சுக்குங்க சார். இவன் சொல்றது பொய்யுங்க. இவன் எங்கூட்டுல இருந்ததே இல்லீங்க."

"கேஸ் வரும்."

"வரட்டுமுங்க."

சப் இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டி, "அப்போ இது ஆராணு?" என்று கேட்டார்.

"எம்மேல வழக்குப் போட்டவனுங்க. வேற ஒண்ணும் தெரியாதுங்க."

துப்பாக்கி திரும்பி வரவில்லை. அண்ணன் கேஸுக்கு அலைந்தார். கூடத்தில் வந்து நின்று அதைக் கும்பிட்ட ஊரே அவரைத் திருட்டுத் துப்பாக்கிக்காரர் என்று முதுகுக்குப் பின்னால் பேசியது. எல்லாம் எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று ஸ்டேஷனிலிருந்து வீடு வரும் வழியெல்லாம் ஆத்திரத்தில் அழுதுகொண்டேதான் வந்தேன். அவருக்கு அந்தத் துப்பாக்கி உயிர் என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று ஒப்புக்கொள்வதைவிட அதை விட்டுவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

வெளியூரில் ஒரு சாட்சி கிடைத்து என் பங்கைக் கோர்ட் பிறகு வாங்கிக் கொடுத்தது. அதற்கு அண்ணன் கையெழுத்து தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது.